சஷியா, மாலியா, கிரிஷனா: எதை முதலில் வாசிப்பது?

அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். உயிரியல் படித்தவள், இரண்டு வருஷமாகப் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொட நேரமில்லை. போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து, அலுமாரிக்கு முன்னால் நின்று, "சித்தி, இதுக்குள்ள எதை முதல் வாசிக்கிறது?" என்று கேட்டாள். கடந்த சில மாதங்களில் நான் வாசித்த நாலு நாவல்கள் மேல்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று பேய்க்கதை, அதற்குள்ளேயே ஒரு கொலையைத் துப்பறியும் கதை. ஒன்று சரித்திர நாவல், ஆனால் எங்கள் வயதுக்காரருக்கு அதைச் சரித்திரம் என்று சொல்ல வாய் வராது. ஒன்று யோசித்துக்கொண்டே ரயிலில் போகிற ஒருவனின் கதை. நாலாவது சுஜாதாவின் விஞ்ஞானக் கதை. அரை மணித்தியாலம் நின்றபடியே கதைத்தோம், தேத்தண்ணீர் ஆறிப்போனது, அப்படியும் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வி. வி. கணேசானந்தன் எழுதிய "பிரதர்லெஸ் நைட்"டைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். அடுத்தது ஷெஹான் கருணாதிலகவின் "த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா". அனுக் அருட்பிரகாசத்தின் "எ பசேஜ் நோர்த்" கடைசியாக, அவசரமில்லாத ஒரு நேரத்தில். சுஜாதாவின் "என் இனிய இயந்திரா"வை இடையில் எப்போது வேண்டுமானாலும் ஒரு சனிக்கிழமை இருந்து முடிக்கலாம். எது பெரிய நாவல் என்ற வரிசை இல்லை இது. யுத்தம் முடிந்த 2009 மே மாதம் மூன்று வயதாக இருந்த ஒரு பிள்ளைக்கு, வீட்டில் பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு எழும்பிப் போகிற கதைகளை எந்தப் புத்தகம் முழுதாகச் சொல்லும் என்று யோசித்துப் போட்ட வரிசை.

முதல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இரண்டு கதைகளுக்குள்ளும் ஒரே ஆள் இருக்கிறார். டொக்டர் ராஜினி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர், யுத்தகாலக் கொடுமைகளைப் பதிவு செய்த "முறிந்த பனை" நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பின்னேரம் பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கணேசானந்தனின் நாவலில் அவர் அஞ்சலி என்ற பெயரில் உயிரோடு வருகிறார், சஷி என்ற மாணவிக்கு உடற்கூற்றியல் படிப்பிக்கிறார், பெண்களைக் கூட்டி வைத்து வாசிக்கவும் கேள்வி கேட்கவும் பழக்குகிறார், யார் யாரைக் கொன்றார்கள் என்பதை ஒரு பக்கமும் சாயாமல் எழுதி வைக்கச் சொல்கிறார். கருணாதிலகவின் நாவலிலோ அவரை நினைவூட்டும் டொக்டர் ராணி ஸ்ரீதரன் ஏற்கெனவே செத்துப்போனவர். மேலுலக அலுவலகம் ஒன்றில் கையில் பேரேட்டோடு நின்று, புதிதாகச் செத்தவர்களை வரிசைப்படுத்தி, ஒளிக்குள் போங்கள் போங்கள் என்று மன்றாடுகிறார். ஒரு புத்தகத்தில் அவர் எல்லாவற்றையும் நினைவில் வையுங்கள் என்கிறார், மற்றதில் மறந்துவிட்டு வாருங்கள் என்கிறார்! இரண்டையும் ஒரே மாதத்தில் வாசித்ததால் எனக்கு இது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ராணி சரியா, அஞ்சலி சரியா என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டொக்டர் எப்படி நடந்தார், எப்படிக் கோபப்பட்டார் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டுமென்றால் உயிரோடு இருப்பவரை முதலில் பார்ப்பதுதான் நியாயம். மேலுலகத்தில் பேரேட்டோடு நிற்பவரின் கனம் அதற்குப் பிறகுதான் விளங்கும்.

"பிரதர்லெஸ் நைட்" 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. சஷிக்குப் பதினாறு வயது. கொதிதண்ணீர் மேலே கொட்டிவிடுகிறது, அவள் குழறும் சத்தம் கேட்டு றோட்டில் சைக்கிளில் போன பொடியன் ஓடிவந்து பச்சை முட்டையை உடைத்து அவளுடைய புண்ணில் ஊற்றுகிறான். அவன் பெயர் கே. என்ற ஓரெழுத்து மட்டும்தான். இருவரும் டொக்டராக வேண்டும் என்று படிக்கிறவர்கள். பிறகு அவன் எங்கே போய் முடிகிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன், ஆனால் 1987 செப்டெம்பரில் நல்லூரில் தண்ணீரும் குடிக்காமல் 12 நாள் உண்ணாவிரதம் கிடந்து இறந்த புலிகளின் திலீபனைத் தெரிந்த எவருக்கும் பின்பாதியில் நெஞ்சு அடைக்கும். நான் அந்த அத்தியாயங்களை பஸ்ஸில் வாசித்தேன், நூறாம் நம்பர் பஸ், ஜன்னலோர சீட், இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு ஹோல்ட் போய்விட்டேன்.

சஷிக்கு நாலு அண்ணன் தம்பிமார். 'சகோதரர் இல்லாத இரவு' என்ற அந்த நாவலின் பெயருக்கு அர்த்தம் மெல்ல மெல்லத்தான் வருகிறது, ஒவ்வொருவராக வீட்டை விட்டு இல்லாமல் போகப் போக. தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஜூலையில் சஷி கொழும்பில் அம்மம்மா வீட்டில் நிற்கிறாள். எங்கள் அம்மா அந்த ஜூலையில் அகதி முகாமில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். அதைப் பற்றிக் கேட்டால் கப்பலில் தந்த பாணையும் சத்தி எடுத்ததையும் மட்டும் சொல்வார், அதற்கு முந்திய மூன்று நாளைப் பற்றி ஒரு சொல்லும் வராது. நாவலில் அந்த மூன்று நாளும் இருக்கிறது. அம்மாவின் கதை அது இல்லை என்று தெரியும், என்றாலும் அந்தப் பக்கங்களை வாசித்த இரவு அம்மாவின் அறையில் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

குறையும் இருக்கிறது. வெளிநாட்டு வாசகருக்காக நின்று நின்று விளக்குகிற இடங்கள் சில உண்டு, இன்ன வருஷம் இன்ன ஒப்பந்தம் என்று பாடம் எடுப்பது போல. எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது. அக்காவின் மகளுக்கு அது தேவைப்படும், ஏனென்றால் அவள் பள்ளிக்கூடத்தில் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஆண்டுகள் எதுவும் இல்லை. இந்த நாவலை எழுத அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்திருக்கிறது, 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசும் கிடைத்தது. வாசிக்கும்போது அந்த இருபது ஆண்டும் தெரிகிறது, எந்த வசனமும் அவசரத்தில் விழுந்ததாக இல்லை.

சரி, மாலிக்கு வருவோம். 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவல், அதனால் கொழும்பில் ஆங்கிலம் வாசிக்கிற எல்லோர் வீட்டிலும் ஒரு பிரதி கிடக்கிறது, பாதியில் மடித்து வைத்த பிரதிகளையும் பார்த்திருக்கிறேன். மாலி அல்மெய்டா யுத்தப் படப்பிடிப்பாளன், சூதாடி. 1990இல் கண் விழிக்கும்போது செத்துப் போயிருக்கிறான், யார் கொன்றது என்று அவனுக்கு நினைவில்லை. ஏழு இரவு தவணை. அதற்குள் தன்னைக் கொன்றவனையும் கண்டுபிடிக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த படங்களை நண்பர்களின் கையில் சேர்க்கவும் வேண்டும். கொலை யார் செய்தது என்ற இழுவை கடைசி வரை விடாது. துப்பறியும் கதை வாசித்துப் பழகியவர்களுக்கு நாலு நாவலிலும் இதுதான் கையை விட்டு வைக்க முடியாத புத்தகம், அதை நான் மறுக்கவில்லை.

மற்ற எதிலும் இல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது, கொழும்பு. நான் வேலைக்குப் போகும் வழியில் பேர வாவியைத் தாண்ட வேண்டும். பச்சைத் தண்ணீர், கரையில் கூழைக்கடாக்கள், மழைக்குப் பிறகு ஒரு நாற்றம். பல வருஷமாகப் பார்த்தும் அது எனக்கு வெறும் வாவிதான். மாலியின் உடம்பை அதற்குள் போடுகிறார்கள். அதை வாசித்த பிறகு ஒரு கிழமை அந்த இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. 1989இல் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கும்போது சிங்களப் பொடியன்களை ஆற்றிலும் றோட்டோரத்திலும் போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் அது அவர்களின் கதை என்று எங்கோ ஓரத்தில் வைத்திருந்தேன். இந்த நாவலில் ஜே.வி.பி. பொடியனும் புலிப் பொடியனும் யாழ்ப்பாண டொக்டரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையை எழுத ஒரு பேய்க்கதை தேவைப்பட்டிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, எழுதியவர்மேல் மரியாதையாகவும் இருந்தது.

நடுவில் இழுக்கிறது, ஆட்கள் அதிகம், மூன்றாம் இரவுக்குப் பிறகு யார் எந்தக் கூட்டத்து ஆள் என்று நான் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டேன். முதல் நாவலாக இதைக் கொடுக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சஷியின் கதையிலும் மாலியின் கதையிலும் 'யூ' என்று கதைக்கிறார்கள், ஆங்கிலத்தில் ஒரே சொல். எனக்குத் தலைக்குள் தமிழில்தான் ஓடும். மாலியின் கதையைச் சொல்கிற குரல் மாலியையே பார்த்துக் கதைக்கிறது, அது எனக்கு முதல் பக்கத்திலிருந்தே 'நீ' என்றுதான் கேட்டது, நடுச்சாமத்தில் நித்திரை வராமல் கிடக்கிறவன் தனக்குத்தானே கதைப்பது போல. சஷி எங்களைப் பார்த்துக் கதைக்கிறாள், நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற தொனியில், அது 'நீங்கள்'. ஒரு இடத்தில்கூட அவளின் குரல் எனக்கு 'நீ' என்று கேட்கவில்லை. இந்த இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவருகிற ஒருவர் முதல் வரியிலேயே இதைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் ஊர்க் கதையை ஆங்கிலத்தில் வாசித்துத் திரும்பவும் தமிழாக்கித்தான் அழ வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

"எ பசேஜ் நோர்த்"தில் இப்படி எவரும் எவரையும் பார்த்துக் கதைப்பதே இல்லை. ஒரு நேர்ப்பேச்சும் கிடையாது, எல்லாம் கதாநாயகன் கிரிஷனின் நினைப்புக்குள் நீளநீளமான வசனங்களாக ஓடுகிறது. அப்பம்மாவைப் பார்த்துக்கொண்ட ராணி என்ற பெண் ஊரில் கிணற்றுக்குள் விழுந்து இறந்துவிட்டார் என்று தொலைபேசி வருகிறது, கிரிஷன் கொழும்பிலிருந்து ரயில் ஏறிச் செத்தவீட்டுக்குப் போகிறான். சம்பவம் என்று பார்த்தால் அவ்வளவுதான். ராணிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், மூத்தவன் போராட்டத்தில் போனான், இளையவன் யுத்தம் முடிய ஒரு நாள் இருக்கும்போது ஷெல் துண்டு பட்டுப் போனான்.

இதில் என்னை உலுக்கிய இடம் பூசலார் கதை. வெள்ளிக்கிழமைகளில் அம்மம்மா சொன்ன அதே பெரியபுராணக் கதைதான். திருநின்றவூர்ப் பூசலாருக்குக் கோயில் கட்டக் காசில்லை, அதனால் மனதுக்குள்ளேயே கல்லுக் கல்லாகக் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் வைக்கிறார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாள். சிவன் அரசனின் கனவில் வந்து, அன்றைக்குப் பூசலின் கோயிலுக்குப் போக வேண்டும், உன்னுடையதைத் தள்ளி வை என்கிறார். கிரிஷன் வன்னிக்கு வெளியே பாதுகாப்பாக இருந்தவன், யுத்தத்தின் கடைசி மாதங்களின் படங்களையும் சாட்சியங்களையும் இணையத்தில் தேடித் தேடிப் பார்த்து மனதுக்குள் அந்த இடத்தைக் கட்டிக்கொண்டே இருக்கிறான். அதற்குப் பக்கத்தில் பூசலாரை வைத்திருக்கிறார் எழுத்தாளர். அந்த 2009இல் நானும் அப்படித்தான் இரவு இரவாகக் கணினிக்கு முன்னால் இருந்தேன். எதற்காக அப்படிப் பார்த்தேன் என்று எனக்குப் பதினைந்து வருஷமாகப் பிடிபடவில்லை, இந்தப் பக்கங்களில்தான் பிடிபட்டது.

இதன் குறை பெரியது. ராணியின் குரல் நாவலில் கேட்பதே இல்லை. அவர் எப்படிக் கதைத்தார், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டினார், எதுவும் தெரியாது, எல்லாம் கிரிஷன் அவரைப் பற்றி நினைப்பதுதான். டெல்லிக் காதல் பகுதிக்குக் கொடுத்த பக்கங்களில் கால்வாசியை ராணிக்குக் கொடுத்திருக்கலாம். சஷியிடமிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். ஆனால் கடைசியில் சிதை எரிகிற பகுதி, அந்தப் பொறுமை, வேறு எவரும் இப்படி எழுதி நான் வாசித்ததில்லை.

சுஜாதாவுக்குக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. எண்பதுகளில் விகடனில் தொடராக வந்தது, நான் இரண்டாம் முறை வாசிக்கிறேன். நிலாவுக்கும் சிபிக்கும் பிள்ளை பெற அரசாங்கம் அனுமதி தருவதில் தொடங்கும், பிறகு ஜீனோ என்ற இயந்திர நாய் வந்தவுடன் கதை பறக்கும். ஆட்களுக்கு ஆழம் போதாது, வேகத்துக்கு ஈடில்லை. சின்ன வயதில் வாசிக்கும்போது ஜீனோவைத்தான் பிடித்தது. இந்த முறை அந்த அனுமதிகளும் இலக்கங்களும்தான் கண்ணில் குத்தின. வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸ் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இருந்த வருஷங்கள் எங்களுக்கு உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்த நாவலை வெள்ளவத்தையில் இருந்து வாசித்தால் அது எதிர்காலக் கதையாகத் தெரியவில்லை.

அக்காவின் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாலியைத்தான் எடுத்துக்கொண்டு போனாள், கொலையை யார் செய்தது என்று தெரிய வேண்டுமாம். முந்தாநாள் இரவு பத்தரைக்கு அழைத்தாள். "சித்தி, பேரேடு வைச்சிருக்கிற அந்த டொக்டர், அவ உண்மையா இருந்த ஆளா?"

ஓம் என்றேன். சனிக்கிழமை வருகிறாள், சஷியின் புத்தகத்தை இப்போதே வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.