டைகர்மில்க்கும் சினிஸ்டரும்: பல ஆண்டுகள் கேட்ட பிறகு

ஆம்ப்ளிஃபயர் பழுது நீங்கி வீடு திரும்பிய அதே வாரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: ஸ்காட்லாந்தின் பெல் அண்ட் செபாஸ்டியன் என்ற பாப் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களான ‘டைகர்மில்க்’, ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ ஆகியவற்றில் ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? இரண்டையும் இசைத்தட்டாகவும் குறுந்தகடாகவும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறவன் என்பதால், நான் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அந்த ஒரு வரி என்னிடம் இருக்கிறது. ஆனால் அதற்கும் இந்த ஆல்பங்களைப் பற்றி நான் மனதார வைத்திருக்கும் மதிப்புக்கும் பொருத்தம் போதாது என்பதால் விரிவாக எழுதுகிறேன். பழுதுபார்த்த கருவியில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோது, இரண்டாவது ஆல்பத்தின் ஒலி மீது எனக்கிருந்த பழைய குறைக்குக் கருவிதான் காரணமாக இருக்குமோ என்ற நப்பாசையும் போய்விட்டது. குறை பதிவில்தான் இருக்கிறது.

இந்த கிளாஸ்கோ குழுவை அறிந்தவர்களுக்குப் பின்னணி தெரிந்திருக்கும். பாடல்களை எழுதிப் பாடும் ஸ்டுவர்ட் மர்டாக், நாள்பட்ட சோர்வு நோயால் பல ஆண்டுகள் வீட்டோடு முடங்கிக் கிடந்தவர். பாட்டெழுதும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் அவருக்கு வந்தது. கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில் இசை வணிகம் படித்த மாணவர்கள், எலெக்ட்ரிக் ஹனி என்ற தங்கள் வெளியீட்டு லேபிளில் ஆண்டுதோறும் ஓர் இசைத்தட்டு வெளியிடுவார்கள். வழக்கமாக அது ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிங்கிளாகவே இருக்கும். மர்டாக்கின் கையில் பாடல்கள் நிறைய இருந்ததால் 1996-இல் அது முழு ஆல்பமாகவே ஆகிவிட்டது. மார்ச் மாதம் காவா ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்றே நாளில் பதிவாகி, ஜூனில் ஆயிரம் பிரதிகள் மட்டும் வெளியான அந்தத் தட்டுதான் ‘டைகர்மில்க்’. அதே ஆண்டு நவம்பரில், அதே கூடத்தில் பதிவான ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ ஜீப்ஸ்டர் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இரண்டிலும் பத்துப் பத்துப் பாடல்கள். இரண்டும் ஓடுவது நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல்.

முதல் ஆல்பத்தின் ஆயிரம் பிரதிகளும் தீர்ந்துபோய், 1999-இல் ஜீப்ஸ்டர் அதை மறுபடி வெளியிடும்வரை பெரும்பாலானவர்களின் கைக்கு அது எட்டவே இல்லை. அதனால் கிளாஸ்கோவுக்கு வெளியே பலரும் இந்தக் குழுவைச் சந்தித்தது இரண்டாவது ஆல்பத்தின் வழியாகத்தான். இதன் விளைவாக ‘டைகர்மில்க்’ ஓர் ஒத்திகை, ‘சினிஸ்டர்’தான் அரங்கேற்றம் என்ற எண்ணம் ரசிகர்களிடையே வேரூன்றிவிட்டது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. முதல் ஆல்பம் தன்னளவில் முழுமையானது. கேட்பவரோடு அது வைத்துக்கொள்ளும் நெருக்கம் இரண்டாவதில் இல்லை.

அதன் முதல் பாட்டான ‘தி ஸ்டேட் ஐ ஆம் இன்’ தொடங்கும் விதத்தைப் பாருங்கள். மர்டாக்கின் தணிந்த குரலும் கிட்டாரும் மட்டும் இருக்கின்றன. சகோதரனின் ரகசியம், அவசரத் திருமணம், பாவமன்னிப்பில் கேட்டதையெல்லாம் நாவலாக எழுதிவிடும் பாதிரியார் என்று ஒரு குடும்பத்தின் கதை, யாரையும் குற்றம் சாட்டாத தொனியில் சொல்லப்படுகிறது. பிறகு பேஸ் கிட்டார் உள்ளே வருகிறது, அதன் பின்னால் டிரம்ஸ், ஆர்கன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. சேர்ந்து வாசித்து அதிக நாள் ஆகாதவர்கள் அவர்கள். வாசிப்பில் சில இடங்களில் தயக்கம் தெரிகிறது. ஒருவர் மற்றவரைக் கவனித்துக் காத்திருந்து அடியெடுத்து வைப்பதும் காதில் விழுகிறது. ஆனால் அந்தக் குரல் எனக்கு மூன்றடி தூரத்தில் இருக்கிறது. ஸ்டுவர்ட் டேவிட்டின் பேஸ் கிட்டார் தரையில் கால் ஊன்றி நிற்கிறது. ரிச்சர்ட் கோல்பர்னின் டிரம்ஸுக்கு உடம்பு இருக்கிறது. மூன்று நாளில், மாணவர்களின் திட்டச் செலவில் செய்யப்பட்ட ஒரு பதிவில் இவ்வளவு வெப்பம் எப்படிக் கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எதிர்பாராமல் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி என்றால் இதைத்தான் சொல்வேன்.

முதல் ஆல்பத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுவில் வரும் ‘எலெக்ட்ரானிக் ரினைசன்ஸ்’ சின்த் கருவியின் துடிப்பின் மேல், குரலை வடிகட்டிப் போட்டுக் கட்டிய பாட்டு. மற்ற ஒன்பதோடும் அது ஒட்டவில்லை, நான் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறேன். ‘யூ ஆர் ஜஸ்ட் எ பேபி’ ஒரு நல்ல தாளக்கட்டைத் தவிர அதிகம் எதையும் வைத்துவிட்டுப் போவதில்லை. ஆனால் பள்ளியில் சீண்டப்படும் பெண்ணைப் பற்றிய ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ பாட்டில் ட்ரம்பெட் நுழையும் இடமும், பியானோவை முன்னிறுத்தி மெல்ல நகரும் ‘வீ ரூல் தி ஸ்கூல்’ பாட்டும், குழு தன்னைத் தானே ஒன்றுசேர்த்துக்கொண்ட கதையைச் சொல்வதுபோல் ஒலிக்கும் ‘மை வாண்டரிங் டேஸ் ஆர் ஓவர்’ பாட்டும் இன்றும் எனக்குச் சலிக்கவில்லை.

இனி இரண்டாவது ஆல்பம். பாடல்களை மட்டும் எடைபோட்டால் இது முதலாவதைவிட உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1990-களில் பிரிட்டனிலிருந்து வந்த பாப் ஆல்பங்களில், பாட்டெழுத்தின் தரத்தில் இதற்கு நிகராக நான் வைக்கக்கூடியவை மிகச் சில. அந்தக் காலத்தில் அங்கே கொடிகட்டிப் பறந்த பிரிட்பாப் குழுக்கள், அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடுவதற்கேற்ற உரத்த பாட்டுகளைச் செய்துகொண்டிருந்தன. மர்டாக் அதற்கு நேர் எதிர்த்திசையில், பேருந்தின் மாடியில் தனியாக உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போகும் ஒருவரின் மனதுக்குள் ஓடும் பேச்சைப் பாட்டாக்கினார். தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடும் சத்தத்தின் நடுவே தொடங்கி, நம்பிக்கையிழந்த இளைஞர்களையும் அவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத தேவாலயத்தையும் பற்றிப் பேசும் அந்தப் பாட்டில் குரல் ஒருமுறைகூட உயர்வதில்லை. மர்டாக் தேவாலயத்தை வெளியிலிருந்து கேலி செய்பவர் அல்லர். கிளாஸ்கோவில் ஒரு தேவாலயக் கூடத்தின் மாடியில் குடியிருந்து, அதன் பராமரிப்பு வேலையும் பார்த்தவர். அதனால்தான் அந்தப் பாட்டில் கோபத்தைவிடக் கவலை அதிகமாக இருக்கிறது.

‘தி ஃபாக்ஸ் இன் தி ஸ்னோ’ பியானோவும் குரலுமாக நகர்ந்து, பசித்த நரி ஒன்றிடமிருந்து மனிதர்களிடம் வந்து சேர்கிறது. ‘கெட் மீ அவே ஃப்ரம் ஹியர், ஐ ஆம் டையிங்’ பாட்டின் துள்ளல், அதன் தலைப்பைப் படித்து நாம் எதிர்பார்க்கும் எதற்கும் கட்டுப்படுவதில்லை. கடைசியில் வரும் ‘ஜூடி அண்ட் தி ட்ரீம் ஆஃப் ஹார்ஸஸ்’ ஒரு பெண்ணின் கனவைச் சொல்லத் தொடங்கி, ட்ரம்பெட்டும் ரெக்கார்டரும் சேர்ந்து முழக்க, ஆல்பம் முழுவதும் அடக்கி வைத்திருந்த மகிழ்ச்சியை ஒரே மூச்சில் வெளியே விடுகிறது. இசபெல் கேம்ப்பெல்லின் செல்லோவும், மிக் குக்கின் ட்ரம்பெட்டும், முதல் ஆல்பத்துக்குப் பிறகு சேர்ந்த சாரா மார்ட்டினின் வயலினும் இங்கே பாட்டுக்குள் எங்கே வரவேண்டும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அறிந்து வாசிக்கப்படுகின்றன. முதல் ஆல்பத்தில் இருந்த தயக்கம் போய், அந்த இடத்தில் நிதானம் வந்திருக்கிறது. ஆறே மாதத்துக்குள் ஒரு குழு இவ்வளவு வளர முடியும் என்று இந்த இரண்டு தட்டுகளையும் கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட பாடல்களுக்கு அமைந்த பதிவைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ‘தி ஸ்டார்ஸ் ஆஃப் ட்ராக் அண்ட் ஃபீல்டு’ முதல் பாட்டு. இதுவும், முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைப் போலவே, தணிந்த குரலில் தொடங்கிப் படிப்படியாகக் கருவிகள் சேர்ந்து பெருகும் அமைப்புடையது. எனவே இரண்டையும் ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ‘டைகர்மில்க்’ தட்டை எடுத்துவிட்டு, ஒலியளவைத் தொடாமல் ‘சினிஸ்டர்’ தட்டை வைத்தால், மர்டாக் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். சொற்கள் புரிவதற்காக ஒலியளவைக் கூட்டுகிறேன். இரண்டு நிமிடம் கழித்து டிரம்ஸும் கிட்டாரும் பெருகி, இறுதியில் ட்ரம்பெட் வரும்போது கூட்டிய அளவு காதைக் குத்துகிறது, குறைக்கிறேன். இந்தக் கூட்டலும் குறைத்தலும் முடிவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அமைதியில் தொடங்கி முழக்கத்தில் முடிவது பாட்டின் அழகு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அமைதியான பகுதி அருகில் இருக்க வேண்டும், தொலைவில் இருக்கக் கூடாது. முதல் ஆல்பம் அதைச் செய்துகாட்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை கீழ்ச்சுருதியில் இருக்கிறது. பேஸ் கிட்டார் வாசிக்கப்படுவது தெரிகிறது. அதன் கனம் வந்து சேரவில்லை. ஹார்மோனிகா முன்னே ஓட, ரயில் வேகத்தில் போகும் ‘மீ அண்ட் தி மேஜர்’ பாட்டில், வயதான ராணுவ அதிகாரிக்கும் இளைஞனுக்கும் நடுவே உள்ள தலைமுறை இடைவெளியைச் சொல்லும் அந்த அருமையான சொற்களுக்கு அடியில் ஒரு வலுவான அடித்தளம் இருந்திருந்தால் அது நடனமாட வைக்கும் பாட்டாக ஆகியிருக்கும். இப்போது அது மேல்பாதி மட்டுமே உள்ள பாட்டாக ஒலிக்கிறது. ஹெட்போனில், சிறிய ஸ்பீக்கரில், பழுது நீங்கிய இந்த ஆம்ப்ளிஃபயரில், இசைத்தட்டில், குறுந்தகட்டில் என்று எல்லாவற்றிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். கனம் எங்கும் கிடைக்கவில்லை. பாடல்களை நேசிக்கும் அளவுக்கு இந்த எரிச்சலும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே வருகிறது.

இந்த மெலிவே ஆல்பத்தின் அழகு என்று வாதிடுபவர்கள் உண்டு. கூச்ச சுபாவமுள்ள மனிதர்களைப் பற்றிய பாட்டு கூச்சத்தோடு ஒலிப்பதுதான் பொருத்தம் என்பார்கள். அந்த வாதத்தைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘தி பாய் டன் ராங் அகெய்ன்’ போன்ற மெதுவான பாட்டுகளுக்கு அது ஓரளவு பொருந்துகிறது என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆல்பத்தின் மனிதர்களும் அதே கூச்ச சுபாவிகள்தாம். எழுதியவர் அவரே, கூடமும் அதுவே. அங்கே கூச்சமும் நெருக்கமும் சேர்ந்தே இருந்தன. பாட்டை இயற்றியவருக்கே இந்தப் பதிவின் ஒலியில் மனநிறைவு இல்லை. 2005 செப்டம்பரில் லண்டன் பார்பிகன் அரங்கில் குழு இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்து, அந்தப் பதிவைத் தனி வெளியீடாகக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த பார்பிகன் பதிவையும் வாங்கி வைத்திருக்கிறேன். நான் கேட்ட கனம் அதில் இருக்கிறது. ‘மீ அண்ட் தி மேஜர்’ அங்கே உண்மையிலேயே ஓடுகிறது, ‘ஜூடி’யின் முழக்கம் அரங்கை நிறைக்கிறது. ஆனால் அதற்குள் ஸ்டுவர்ட் டேவிட்டும் இசபெல் கேம்ப்பெல்லும் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். மேடைப் பழக்கம் ஏறிய மர்டாக்கின் குரலில், 1996-இல் இருந்த, இப்போதுதான் நோயிலிருந்து எழுந்து வெளியே வந்தவரின் அந்தக் கவனமான மூச்சு இல்லை. பதிவின் குறையைத் திருத்திய அந்த வெளியீட்டால் அந்த மூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஆகவே மூலப் பதிவுக்கே திரும்புகிறேன், திரும்பும்போதெல்லாம் அதே கோபம் வருகிறது: இவ்வளவு நல்ல பாடல்கள் கிடைத்த ஆண்டில், இன்னும் கொஞ்சம் நேரமும் இன்னும் கொஞ்சம் கவனமும் இந்தப் பதிவுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

அட்டைப் படங்களையும் சொல்லிவிடுகிறேன், இவை மர்டாக்குக்கு முக்கியமானவை. முதலாவதில் ஒரு பெண் பொம்மைப் புலிக்குப் பாலூட்டுகிறாள். இரண்டாவது முழுக்கச் சிவப்பு நிறத்தில் தோய்ந்த ஒரு பெண்ணின் படம். ஒரே நிறத்தில் தோய்த்த அட்டை இந்தக் குழுவின் அடையாளமாகவே பின்னாளில் ஆயிற்று. அலமாரியில் அருகருகே வைத்துப் பார்க்க இரண்டும் அழகு.

நண்பருக்கு என் பதில் இதுதான்: ‘சினிஸ்டர்’ மேலான ஆல்பம், நீங்கள் ‘டைகர்மில்க்’கை வாங்குங்கள். எந்தப் பாட்டு பெரியது என்று கேட்டிருந்தால் இரண்டாவது ஆல்பத்திலிருந்து ஆறேழு பெயர்களைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டது வீட்டில் வைத்துக்கொள்ள எது என்று. மாலை வேலை முடிந்து வந்து, கருவியோடு மல்லுக்கட்டாமல் உட்கார்ந்து கேட்பதற்கு முதல் ஆல்பம்தான் இடம் கொடுக்கிறது. இந்தப் பதிலில் இந்த வாரத்து எரிச்சலின் பங்கு உண்டு. இரண்டு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு விதமாகவும் சொல்லியிருக்கலாம். இதை மீறி இரண்டாவதையே வாங்குவதென்று முடிவு செய்தால், முதல் பாட்டின் தொடக்கத்தை வைத்து ஒலியளவைத் தீர்மானிக்காதீர்கள். அதன் இறுதியில் ட்ரம்பெட் வரும் இடத்துக்கு எது சரியோ அந்த அளவில் வைத்துவிட்டு, மர்டாக் என்ன சொல்கிறார் என்பதை முதல் இரண்டு நிமிடம் பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடருங்கள்.