ப்ரஷ் கட்டர் வாங்கலாமா? ஒரு நஞ்சைக்காரனின் அனுபவம்

திருவாரூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நஞ்சை, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் தென்னை, கொட்டிலில் இரண்டு மாடு. வரப்புப் புல்லுக்கு அப்பா காலத்திலிருந்து மண்வெட்டியும் அரிவாளும்தான். நடவுக்கு முன்னால் அண்டை வெட்ட, அதாவது வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் செதுக்க, ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் சிரமமாகிக்கொண்டே வந்ததால், போன குறுவைக்கு முன்பு ஒரு ப்ரஷ் கட்டர், அதாவது எஞ்சினில் ஓடுகிற புல் வெட்டும் மிஷின், வாங்கினேன். தோளில் மாட்டுகிற ரகம், 35 சிசி, நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் பொருந்தும்.

தோப்புக்கு இது அருமையான மிஷின். அரிவாளோடு குனிந்தால் ஒரு பகல் பிடிக்கிற இடம், காலைப் பலகாரத்துக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. வாய்க்கால் கரையில் இடுப்பளவு நிற்கிற நாணலையும் மூன்று பல் பிளேடு சாய்த்துவிடும். முதுகு வளைய வேண்டியதில்லை. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

வாங்குகிறவர்கள் டூ ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் யாரோ ஒருவர் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால் தீர்ந்தது. நாலு ஸ்ட்ரோக்கில் அந்தக் கவலை இல்லை. ஆயில் தனி, 100 மில்லி அளவுதான் பிடிக்கும். முதல் 10 மணி நேரம் ஓடியதும் அதை மாற்றிவிட வேண்டும்.

இனி வரப்புக்கு வருகிறேன். முதல் தடவை வரப்பெல்லாம் ஓட்டி முடித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்பா வந்து பார்த்தார். "மேலே சிரைச்சுட்டே, சரி. வேரை யாருடா எடுக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அருகம்புல் மண்ணுக்குள் ஓடுகிற தண்டிலிருந்து துளிர்க்கும், கோரை கிழங்கிலிருந்து துளிர்க்கும். மேலே வெட்டினால் இரண்டுமே சீக்கிரம் தலை தூக்கிவிடும்.

புல்லை விடுங்கள், அண்டை வெட்டுவது புல்லுக்காக மட்டுமா? மண்வெட்டியை வரப்பின் பக்கவாட்டில் சாய்த்துப் போடும்போது ஒரு சாண் அகலத்துக்கு மண் வேரோடு பிளந்து வரும். அப்போதுதான் உள்ளே போகிற நண்டு வளை கண்ணில் படும். எலி வளை இருந்தால் வெட்டு வாயில் மண் பொலபொலவென்று உதிரும். அந்த இடத்தில் தோண்டி, மிதித்து, வயல் சேற்றை அள்ளி அப்பிப் பூசினால்தான் கட்டிய தண்ணீர் நிற்கும். வருஷா வருஷம் இப்படிச் செதுக்கினால்தான் வரப்பு தடிக்காமல் இருக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்கூட வரப்பு 30 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அகன்ற வரப்பில் எலி சுலபமாக வளை தோண்டிக் குட்டி போடும். இந்த வேலையில் ஒன்றைக்கூட ப்ரஷ் கட்டர் செய்யாது. மண்ணில் பிளேடு பட்டால் மழுங்கிவிடும். அதனால் இப்போது நடவுக்கு முன் அண்டை மண்வெட்டியால்தான். பயிர் நிற்கும்போது வரப்பு மேல்புல்லுக்கு மட்டும் மிஷின்.

மாட்டுக்குப் புல் அறுக்கவும் அரிவாளைத்தான் எடுக்கிறேன். அரிவாளில் பிடி பிடியாக அறுத்து வைத்தால் அப்படியே கட்டாகக் கட்டித் தலையில் தூக்கலாம். மிஷினில் பிளேடுக்குப் பதிலாக மாட்டுகிற நைலான் கயிறு புல்லை நாராக்கி, மண்ணோடு சேர்த்து நாலு பக்கமும் தெளிக்கிறது. எங்கள் மாடு அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. பிளேடு போட்டு, வலமிருந்து இடமாக மட்டும் வீசி அறுத்தால் புல் இடப்பக்கம் வரிசையாகச் சாயும். அது பரவாயில்லை, ஆனாலும் பொறுக்கிச் சேர்க்கிற வேலை தனி.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடுகிற சில விஷயங்கள் உண்டு. பிளேடு நட்டுக்குப் பெரும்பாலும் இடதுபக்க மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பிளேடின் வலது முன்பக்கம் கட்டையில் பட்டால் மிஷின் உதறித் தள்ளும். கண்ணாடியும் ஷூவும் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கல் தெறிக்கும். 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். அரை நாள் ஓட்டினால் சாயங்காலம் டம்ளர் பிடிக்கிற கை அதிரும், நடுநடுவே ஓய்வு கொடுங்கள். குறுகிய வரப்பில் சைக்கிள் ஹேண்டில் மாதிரிப் பிடி இடிக்கும், வளையப் பிடிதான் வசதி.

தோப்போ வாழைக்கொல்லையோ இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். நஞ்சை மட்டும் உள்ளவர்கள் தேவைப்படும்போது வாடகைக்கு எடுத்தால் போதும். அந்தக் காசில் ஒரு பங்கைக் கொல்லுப் பட்டறையில் கொடுத்து, தேய்ந்த மண்வெட்டிக்கு வாய் வைத்து, நல்ல கருவேலங்காம்பு போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதென்று முடிவானால் வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கேளுங்கள். இயந்திரங்களுக்குச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டுக் கொடுக்கிறார்கள். முதலில் உழவன் செயலியில் பதிந்து, அனுமதி வந்த பிறகு கடைக்குப் போங்கள்.