காப்பர் டி: எல்லாம் சரி, அந்த இரண்டாம் நாள் மட்டும்

"நீ காப்பர் டி போட்டு வருஷக்கணக்கில் ஆகிறதே, நானும் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று தோழி கேட்டாள். கேள்வியில் தப்பில்லை, கேட்ட நேரம்தான் சரியில்லை. எனக்கு அன்று பீரியட்ஸின் இரண்டாம் நாள்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். கர்ப்பப்பைக்குள் பொருத்தும் இந்தச் செம்புச் சாதனத்தை, கருத்தடை என்ற வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. முதல் வருடத்தில் இது கைவிடுவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான். என்னுடையது 380ஏ வகை, பத்து வருடம் தாங்கும். தினமும் மாத்திரையை நினைவில் வைத்திருக்க வேண்டாம். ஹார்மோன் கிடையாது என்பதால் கருமுட்டை வழக்கம்போல் வெளியாகிறது, மாதவிடாயும் வழக்கமான தேதியை ஒட்டியே வருகிறது.

வருவது சரிதான், வந்த பிறகு அது நடந்துகொள்ளும் விதம்தான் பிரச்சினை. முதல் நாள் சாது. இரண்டாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்தால் திரும்பி இருக்கையைப் பார்க்காமல் ஓர் அடி வைக்க மாட்டேன். தும்மல் வந்தால் பயம். இரவில் பேட் மாற்றுவதற்கென்றே அலாரம். அடர்நிற உடைகளாக வாங்கி வாங்கி அலமாரியே இருண்டுபோய்விட்டது.

காரணம் புரியாமலில்லை. செம்பு, விந்தணுக்களைச் செயலிழக்க வைப்பதோடு கர்ப்பப்பையின் உட்சுவரிலும் லேசான அழற்சியை உண்டாக்குகிறது. அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அதிகமாகச் சுரக்க, வலியும் ரத்தப்போக்கும் கூடுகின்றன. "மூணு மாசம் பொறுங்க, பழகிடும்" என்றார் போட்டுவிட்ட மருத்துவர். நிறையப் பேருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் ஓரளவு அடங்கிவிடும் என்பது உண்மைதான். எனக்கும் வலி அடங்கியது. போக்கு மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

என் கோபம் சாதனத்தின் மேல்கூட இல்லை. இது வருவதற்கு முன்பே எனக்கு அதிகப் போக்குதான். "உங்களுக்கு எப்படிப் போகும், எத்தனை நாள், கட்டி கட்டியாக வருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யவில்லை. பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்து, இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தபோது தரைதட்டிக் கிடந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பில் இருப்பு வைத்த இரும்பு குறைந்துபோக முடியும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரை, அதோடு போக்கு தொடங்கியதும் சில நாட்களுக்கு மெஃபெனமிக் அமிலம் என்ற வலி மாத்திரை. இது வலியை மட்டுமல்ல, போக்கையும் கொஞ்சம் குறைக்கிறது. அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. போக்கைக் குறைக்க டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்தும் உண்டு, ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்ட வரலாறு இருந்தால் அது ஆகாது.

என் அக்கா போட்டிருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள வகை, 52 மில்லிகிராம். அவள் கதை அப்படியே தலைகீழ். முதல் சில மாதம் எப்போது பார்த்தாலும் திட்டுத்திட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, அவள் அதைத் திட்டாத நாளில்லை. அப்புறம் படிப்படியாகக் குறைந்து இப்போது நின்றேவிட்டது. அந்த வகை போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் இப்படி ஆகும். "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடாதா?" என்று அம்மா இன்றும் கவலைப்படுகிறார். எதுவும் தங்குவதில்லை. உட்சுவர் தடிப்பதே இல்லை, உதிர என்ன இருக்கிறது? அதிகப் போக்குக்கு மருந்தாகவே அதைப் போடுகிறார்கள்.

என்னுடையதில் அந்தக் கணக்கு செல்லாது. காப்பர் டி இருக்கும்போது நாள் தள்ளிப்போனால் உடனே கர்ப்பப் பரிசோதனை செய்தாக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் கரு தங்கியிருந்தால் அது கருக்குழாயில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அதேபோல் இத்தனை காலம் ஒரே மாதிரி இருந்த போக்கு திடீரென்று கூடினாலோ, சாதனத்திலிருந்து தொங்கும் நூல் கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ, ஸ்கேன் எடுத்து அது இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

தோழிக்கு ஏற்கெனவே போக்கு அதிகம், இரும்புச்சத்தும் குறைவு. அதனால் அவளுக்கு என் பதில்: வேண்டாம், ஹார்மோன் வகையைப் பற்றி மருத்துவரிடம் கேள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.

"அப்போ நீ எடுத்துவிடப் போகிறாயா?" என்றாள். மாட்டேன். மாதா மாதம் தேதிக்கு வந்து 'கரு இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறதே, அந்த நிம்மதியை விட எனக்கு மனசில்லை. காலம் முடிந்ததும் மறுபடி இதையேதான் போட்டுக்கொள்வேன். மதிப்பெண்ணை மட்டும் மாற்ற மாட்டேன்.