அல்சருக்கு மூலிகைப் பொடி: வீட்டில் பிரஷர் மாத்திரை போடுகிறவர் இருந்தால் கவனம்

யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் "அல்சர் வேரோடு போகும்" என்று விளம்பரம் போட்டு விற்கிற மூலிகை எக்ஸ்ட்ராக்ட் பொடி உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதைச் சாப்பிடுகிறவர் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறாரா? அப்படியென்றால் டப்பாவைத் திருப்பி, அதிமதுரம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எங்கள் வீட்டு டப்பாவில் பெயர் இருந்தது, அளவு இல்லை. என் மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்ததற்கு அதுதான் காரணம்.

விற்றவர்கள் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பெயரைச் சொல்லி ஒன்றை ஒதுக்கினால் அதே சரக்கு வேறு டப்பாவில் வரும். டப்பாவில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

மாமா அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலை, டீயிலேயே ஓடிய வயிறு. ரிட்டயர் ஆன பிறகு முட்டி வலியும் சேர்ந்துகொண்டது. மெடிக்கலில் பெயர் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். அப்புறம் நடு வயிற்றில் எரிச்சல். ராத்திரி எழுந்து இரண்டு பிஸ்கட் தின்றால்தான் தூக்கம் வரும். டாக்டர் எண்டோஸ்கோபி பார்த்துவிடலாம் என்றார். தொண்டைக்குள் குழாய் விடுவார்கள் என்றதும் மனுஷன் ஆடிப்போய்விட்டார். அந்த நேரத்தில்தான் அவர் போனில் அந்த விளம்பரம் வந்தது. குழாய் வேண்டாம், மாத்திரை வேண்டாம், பன்னிரண்டு மூலிகைகளின் எக்ஸ்ட்ராக்ட், ஒரு மண்டலம் சாப்பிட்டால் போதும், பக்கவிளைவே கிடையாது.

ஒரு டப்பா 1,850 ரூபாய். "முழு கோர்ஸ்" மூன்று டப்பா. நெல்லி, வில்வம், மணத்தக்காளி, சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு, சீரகம், அதிமதுரம் என்று பட்டியல் போகும். எல்லாமே நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவைதான், சில நம் அடுப்படியிலேயே இருப்பவை. யாருக்குச் சந்தேகம் வரும்? தண்ணீரில் கலக்கினால் நல்ல இனிப்பு. சர்க்கரை சேர்க்கவில்லை என்று போட்டிருந்தார்கள், அது உண்மைதான். அந்த இனிப்பு முழுக்க அதிமதுரத்தின் இனிப்பு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதலில் எரிச்சல் நன்றாகவே குறைந்தது. மாமா தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த போன் நம்பரைக் கொடுத்தார். அதற்கப்புறம் சாயங்காலமானால் கால் வீங்க ஆரம்பித்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கத்துவார். மாடிப்படி ஏற கைப்பிடியைத் தேடினார். வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்தால் 170, 180 என்று காட்டியது. இத்தனைக்கும் மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை.

விற்றவர்களுக்கு போன் செய்தேன். "டாக்டர் டீம்" என்று ஒரு பெண்ணிடம் இணைப்பைக் கொடுத்தார்கள்.

"அக்கா, அது கெட்ட நீர்க்கா. இத்தனை வருஷமா உடம்புல தங்கின கழிவு காலுக்கு இறங்கி வெளியேறுது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். வேளைக்கு ரெண்டு ஸ்பூனா ஏத்திக் குடுங்க."

"அவரு பிரஷருக்கு மாத்திரை போடுறாரும்மா. ரெண்டும் சேரலாமா?"

"மூலிகைதானேக்கா. மூலிகை எதோடையும் சண்டை போடாது. இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினா இன்னும் சீக்கிரம் ரிசல்ட் தெரியும்."

நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வெல்னஸ் கோச்" என்றாள். பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற தைரியத்துக்கு இந்தப் பட்டம் போதும் போலிருக்கிறது. ஆனால் மாமா அதற்குள் அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு ஸ்பூனாக ஆக்கிவிட்டார்.

ஒரு காலை பாத்ரூமிலிருந்து வரும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத் தொடையில் பலமே இல்லை. பக்கவாதமோ என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. ஈசிஜியிலும் மாற்றம் தெரிந்தது. இதயத் துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தாறுமாறாகலாம் என்று மானிட்டர் மாட்டி, டிரிப்ஸில் பொட்டாசியம் ஏற்றினார்கள்.

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். மாமாவின் பிரஷர் மாத்திரையில் நீர் பிரியவைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. "இதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் இறக்கும். ஆனா இவ்வளவு இறக்காது. பிரஷரும் ஏறியிருக்கு. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறாரா?" என்றார். டப்பாவின் போட்டோவைக் காட்டினேன். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தவர் அதிமதுரத்தில் நின்றுவிட்டார்.

அவர் விளக்கியது இதுதான். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். நம் உடம்பில் கார்டிசால் என்று ஒரு ஹார்மோன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது சிறுநீரகத்தில் போய் வேலை காட்டாமல் இருக்க, அங்கே ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். கிளைசிரைசின் குடலில் உடைந்து உண்டாகிற பொருள் அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. காவல் போனதும் கார்டிசால் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. உப்பும் நீரும் உடம்பிலேயே தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் போய்விடுகிறது. கால் வீக்கம், பிரஷர் ஏற்றம், தசைப் பிடிப்பு, பலவீனம் எல்லாமே இந்த ஒரே வழியில் வந்தவை. "கெட்ட நீர் வெளியேறுது" என்றாளே, வெளியேறியது பொட்டாசியம்தான். நீர் உள்ளேதான் இருந்தது. நிறுத்திய பிறகும் இந்தப் பாதிப்பு உடனே போகாது, ஓரிரு வாரம் இழுக்கும் என்றார். அப்படித்தான் இழுத்தது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா என்றால், இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததே இங்கேதான். நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற டாக்டர் 1946-லேயே அதிமதுரச் சாற்றை வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். புண்ணுக்கு நல்ல பலன். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடம்பு வீங்கியது. பிறகு இங்கிலாந்தில் அதிமதுரத்தின் பொருளிலிருந்தே கார்பனாக்சலோன் என்று ஒரு மருந்து செய்து, 1960-களில் அல்சருக்குக் கொடுத்தார்கள். அதிலும் இதே தொல்லைதான்: வீக்கம், பிரஷர், பொட்டாசியம் குறைவு. 1970-களின் பின்பாதியில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மாத்திரை வந்ததும் கார்பனாக்சலோனின் மவுசு போனது. கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரச் சாறு என்று தனியாக ஒன்று வெளிநாடுகளில் விற்கிறார்களே, அதைத் தயாரிக்க வேண்டி வந்ததே இந்தத் தொல்லையால்தான். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது என்கிறார்கள். அதிமதுரம் அதிகம் சேர்ந்த மிட்டாயில்கூட, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவுக்கு மீறிச் சாப்பிட வேண்டாம் என்று அச்சடிக்க வேண்டும். மிட்டாய்க்கே அங்கே எச்சரிக்கை. இங்கே நோயாளிக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கிற பொடியில் ஒரு வரி இல்லை.

ஆகவே அதிமதுரம் போலி என்று நான் சொல்லவில்லை. அது வேலை செய்கிற சரக்கு. அதனால்தான் அதற்கு அளவு வேண்டும். இருமலுக்கு ஒரு துண்டு வேரை வாயில் அடக்குவது வேறு, எக்ஸ்ட்ராக்ட் வேறு. வேரைக் காய்ச்சி, சுண்டவைத்து, தூளாக்கினால் சாரம் கூடிவிடும். 20 சதவீதம் கிளைசிரைசின் உள்ள எக்ஸ்ட்ராக்ட் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கிராம் என்றாலே 200 மில்லிகிராம். எங்கள் டப்பாவில் எத்தனை கிராம் இருந்தது? மூன்று முறை கேட்டும் "கம்பெனி ஃபார்முலா, சொல்ல முடியாது" என்றுதான் பதில். நான் ஏமாற்றப்பட்டதாகச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

"கிளினிக்கலி ப்ரூவன்" என்று ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தார்கள். பொறுமையாகப் படித்தேன். அதில் மனிதர் ஒருவர்கூட இல்லை, எல்லாம் எலி. இந்தச் சோதனைகள் நடக்கிற முறை இப்படி: எலியைப் பட்டினி போட்டு, முதலில் மூலிகைச் சாற்றைக் கொடுக்கிறார்கள். பிறகு ஆல்கஹாலையோ இண்டோமெதாசின் என்ற வலி மருந்தையோ கொடுத்து வயிற்றைப் புண்ணாக்குகிறார்கள். எலியைக் கொன்று வயிற்றைத் திறந்து, சாறு குடித்த எலிக்குப் புண் குறைவா என்று கணக்கெடுக்கிறார்கள். ஆராய்ச்சி என்ற அளவில் அது சரி, இப்படித்தான் தொடங்க முடியும். ஆனால் அது காட்டுவது, புண் வருவதற்கு முன்பே கொடுத்தால் வயிற்றின் உட்சுவர் ஓரளவு தாங்குகிறது என்பதை மட்டும். மாமாவுக்கோ புண் ஏற்கெனவே இருந்தது. அதோடு அந்தத் தாளில் சோதித்தது ஒரே ஒரு செடியின் சாறு. அந்தச் செடி பன்னிரண்டு மூலிகைப் பட்டியலிலேயே இல்லை! யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அனுப்பியிருக்கிறார்கள்.

பொட்டாசியம் சரியானதும் மாமா தானாகவே எண்டோஸ்கோபிக்குச் சம்மதித்தார். தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடித்தார்கள், சில நிமிஷத்தில் முடிந்தது. "இதுக்கா பயந்தேன்" என்றார். முன்சிறுகுடலில் புண், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. புண்ணுக்கும் கிருமிக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-லேயே நோபல் கொடுத்தாயிற்று. இரண்டு ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, 14 நாள். முட்டிக்குப் போட்ட வலி மாத்திரைக்குத் தடை, அதுவும் புண்ணுக்கு ஒரு காரணம் என்றார்கள். எரிச்சல் அடங்கியதால் நோய் போய்விட்டது என்று நாங்கள் நினைத்த நாளெல்லாம் கிருமி உள்ளேயே இருந்திருக்கிறது. டாக்டர் அழுத்திச் சொன்ன இன்னொன்று: மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அப்போது எந்தப் பொடியும் கலக்கிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

டப்பாவுக்கு வருகிறேன். முன்பக்கம் அல்சர், கேஸ், நெஞ்செரிச்சல் என்று பெரிய எழுத்து. பின்பக்கம், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற ஆங்கில எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஒரு வரி. பக்கத்தில் 14 இலக்க உணவு உரிம எண். அதாவது அரசாங்கத்திடம் இது உணவு, நம்மிடம் இது மருந்து. பில்லில் போட்டிருந்தது "ஹெர்பல் ட்ரிங்க் மிக்ஸ்". உண்மையான சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மருந்துத் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானம் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். குடல், இரைப்பைப் புண்ணைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றோடு இதுவும் இருக்கிறது.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இதே டப்பாவை அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் இருக்கிற மருத்துவரிடம் காட்டினேன். "பிரஷர் பார்க்காம, என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேட்காம நாங்க அதிமதுரத்தை நாள்கணக்கா குடுக்க மாட்டோம்" என்றார். அதிமதுரம் என்று சொல்லிக் குன்றிமணி வேரைக் கலப்பவர்களும் உண்டு, பொடியாகிவிட்டால் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது என்று எச்சரித்தார். அவருக்குக் கொடுத்த கட்டணம் ஒன்றுமில்லை. வெல்னஸ் கோச்சுக்கு 5,550 ரூபாய்.

பணம் திரும்பக் கேட்ட கதை சுருக்கமாக: முதலில் திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் அடுத்த கோர்ஸ் பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள், என்ன சொல்வது! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். "எங்களுடையது உணவுப் பொருள், நோயைக் குணமாக்கும் என்று நாங்கள் சொல்லவே இல்லை" என்று பதில் வந்தது. அவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், இரண்டு ஸ்பூனாக ஏற்றச் சொல்லிப் பின்னால் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் இணைத்தேன். மருந்துப் பக்கவிளைவைப் பதிவுசெய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, மூலிகைத் தயாரிப்பு என்றாலும் சொல்லலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து, மிச்சமிருந்த ஒரு சீல் உடைக்காத டப்பாவைப் பற்றியும் குறிப்பிட்டிருக்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால் டப்பாவை ஆத்திரத்தில் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். டப்பா, பில், கூரியர் கவர், சாட் எல்லாம் வேண்டும்.

போன வாரம் அவர்களே கூப்பிட்டார்கள். முழுப் பணமும் தந்துவிடுகிறோம், நான் போட்ட ரிவ்யூவை நீக்கி, புகாரையும் வாபஸ் வாங்க வேண்டுமாம். ஒரு டப்பாவில் அதிமதுர எக்ஸ்ட்ராக்ட் எத்தனை கிராம் என்று எழுத்தில் கொடுங்கள், அப்புறம் பேசுவோம் என்றேன். இன்னும் வரவில்லை.