வைன்ல பேஜ்மேக்கர், பொட்டிக்குள்ள பொட்டில அப்பாவோட ஜாதகம்: மூணு வருஷ அனுபவம்

வாலாஜாவுல இருந்து ஃபிரெண்டு போன வாரம் போன் பண்ணான். "மச்சி, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிபோச்சாம், என் சிஸ்டத்துல 11 ஏறாதுன்றாங்க, நீ லினக்ஸ்லதான கார்டு வேல பாக்குற, நானும் மாறிடட்டுமா"ன்னு கேட்டான். அவனும் என்ன மாதிரி வீட்லயே டிடிபி பண்றவன், கல்யாணப் பத்திரிகைதான் சோறு போடுது. போன்ல பாதி சொல்லி பாதி விட்டுட்டேன், அதான் முழுசா எழுதிடறேன். லினக்ஸ்னா விண்டோஸுக்கு பதிலா கம்ப்யூட்டர்ல ஏத்திக்குற இலவச சிஸ்டம்.

என்னுது 2016-ல வாங்குன இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 கேக்குறது இன்டெல்ல எட்டாம் தலைமுறைல இருந்து, கூடவே டிபிஎம் 2.0-ன்ற பாதுகாப்பு சிப். மூணு வருஷம் முன்னாடி ஹார்டு டிஸ்க் போனப்பவே வேலூர்ல ஒரு கடைல "இத தூக்கி போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க"ன்னு சொன்னாங்க. எனக்கு மனசே வரல. எஸ்எஸ்டி மட்டும் வாங்கிட்டு சத்துவாச்சாரி வந்து நானே லினக்ஸ்ல ஒரு வகையான மின்ட் ஏத்துனேன். இன்னிக்கு வரைக்கும் அந்த பொட்டி கம்முனு ஓடுது.

பக்கம் டிசைன் பண்ற பேஜ்மேக்கர் 7 இல்லாம நம்ம தொழில் இல்ல. 2001-ல வந்த சாஃப்ட்வேர், அதுக்கப்புறம் புது வெர்ஷனே வரல, ஆனா நம்மகிட்ட இருக்குற பத்து பதினஞ்சு வருஷ பத்திரிகை ஃபைல் எல்லாம் அதுலதான் கெடக்குது. அத வைன்ல போட்டேன், விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட வைக்கிற சாஃப்ட்வேர் அது. வைன்னா விண்டோஸ உள்ள ஓட்டுறது இல்ல, பேர்லயே "இது எமுலேட்டர் இல்ல"ன்னு வச்சிருக்காங்க. சாஃப்ட்வேர் விண்டோஸ்கிட்ட "இந்த ஃபைல தொற, இந்த எழுத்த வரை"ன்னு கேக்குறத வைன் நடுவுல வாங்கி லினக்ஸ்கிட்ட கேட்டு வாங்கித் தருது, அவ்ளோதான். அதனால ரேம் தின்னாது, விண்டோஸ் லைசென்ஸும் வேணாம். 1993-ல ஆரம்பிச்சாங்க, 1.0 வர்றதுக்கு 2008 ஆச்சு, பதினஞ்சு வருஷம் விடாம உக்காந்து பண்ணியிருக்காங்க, அவங்கள கையெடுத்து கும்பிடணும்.

நான் பயந்தது தமிழ் ஃபான்ட்டுக்குதான். டிடிபில நாம போடுற பழைய தமிழ் ஃபான்ட்டான பாமினியோட ஃபைல ஃபான்ட் ஃபோல்டர்ல போட்டுட்டு பேஜ்மேக்கர தொறந்து, கீபோர்டு இங்கிலீஷ்ல இருக்க சொல்லோ ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு அஞ்சு கீ தட்டுனேன் பாரு, "தமிழ்"னு அப்படியே வந்து நின்னுது. பாமினில நம்ம எழுத்து இங்கிலீஷ் எழுத்தோட எடத்துலயே உக்காந்திருக்கு, அதனால தனியா கீபோர்டு சாஃப்ட்வேர் ஒன்னும் வேணாம், வைனுக்கு அது தமிழ்னே தெரியாது, அது பாட்டுக்கு வரையுது. 2009-ல பண்ண குடியாத்தம் பார்ட்டி பத்திரிகை ஒன்னு தொறந்தேன், ஒரு கொம்பு நகரல, ஒரு புள்ளி விழல. ட்ரேசிங் பேப்பர்ல பிரிண்ட் எடுத்தா பழைய காப்பிக்கு மேல வச்சி பாத்தாலும் வரி மேல வரி சரியா உக்காருது. அன்னிக்கு பட்ட சந்தோஷம் எனக்கு இப்பவும் போகல.

ஒரு விஷயம் மட்டும் பழகிக்கணும். கஸ்டமர் வாட்ஸப்ல பேரு யூனிகோடுல, அதாவது போன்ல அடிக்கிற தமிழ்ல, அனுப்புவாங்க, அத நேரா பேஸ்ட் பண்ணா வரிசையா கேள்விக்குறிதான் வரும், பாமினிக்கு மாத்திட்டு போடணும். இது விண்டோஸ்லயும் அப்படித்தான், வைன் மேல பழி போட முடியாது.

இப்ப எரிச்சலுக்கு வரேன். அப்பா ரிட்டையர் ஆனதுல இருந்து ஜாதகம் பாக்குறாரு. அவரு சாஃப்ட்வேருக்கு யுஎஸ்பி லாக் ஒன்னு உண்டு, டாங்கிள், அது சொருகினாதான் தொறக்கும். அந்த லாக்குக்கு டிரைவர் வேணும், டிரைவர்ன்றது விண்டோஸோட அடி மடில உக்கார்ற சாமான், அத வைன் ஓட்டாது. எத்தனையோ நாள் ராத்திரி முட்டி மோதிட்டு விட்டுட்டேன். அப்புறம் கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ள முழு விண்டோஸ் 10 ஏத்தி, அதுக்கு 4 ஜிபி குடுத்து, யுஎஸ்பிய உள்ள தள்ளி விட்டேன், லாக்க புடிச்சிகிச்சு. நெட்டயும் கட் பண்ணிட்டேன், சப்போர்ட் இல்லாத விண்டோஸுக்கு நெட் எதுக்கு. அந்த உள் விண்டோஸ் இருக்குற நெலைய அப்படியே ஸ்னாப்ஷாட்டா எடுத்து வச்சிட்டா சாஃப்ட்வேர் கெட்டாலும் ஒரே நிமிஷத்துல பழைய நெலைக்கு கொண்டு வந்துடலாம், அது நெஜமாவே பெரிய வரம்.

ஆனா லினக்ஸோட அடிப்படையான கர்னல் அப்டேட் ஆச்சுன்னா முடிஞ்சிது. வர்ச்சுவல்பாக்ஸ் கர்னலோட ஒட்டிக்கிற துண்டு, மாட்யூல், ஒவ்வொரு கர்னலுக்கும் புதுசா கட்டணும், தானா கட்டிக்கும்னு சொல்வாங்க, சில நாள் கட்டிக்கும், சில நாள் கட்டாது, கையெழுத்து இல்லாதத உள்ள விடாத செக்யூர் பூட் ஆன்ல இருந்தா மாட்யூலுக்கு கையெழுத்து வேற போடணும். மூணு வருஷத்துல ஆறேழு தடவ மாட்டியிருக்கேன். அப்பா இப்பெல்லாம் காலைல காப்பி குடிச்சிக்கிட்டே "இன்னாடா, பொட்டிக்குள்ள பொட்டி இன்னிக்கி தொறக்குமா"ன்னு கேட்டுட்டுதான் உக்கார்றாரு.

இந்த ஆவணில நடந்தத மறக்கவே முடியாது. அணைக்கட்டுல இருந்து ஒரு குடும்பம் விடிகாலை ஆறு மணிக்கு வந்து பொருத்தம் வாங்கிட்டு அப்படியே பொண்ணு பாக்க போறாங்க. ராத்திரி பத்து மணிக்கு அப்பா தொறக்குறாரு, ப்ராசசர வேற யாரோ புடிச்சிருக்காங்கன்னு சொல்லி நின்னுடுச்சு. மாட்யூல்தான்னு நெனச்சு கட்டுனேன், திரும்ப கட்டுனேன், ஒன்னும் ஆகல. ஒரு மணி ஆச்சு. அப்பா திண்ணைல உக்காந்துக்கிட்டு பேனா எடுத்து கையாலயே கட்டம் போட ஆரம்பிச்சிட்டாரு, அத பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சிது, கர்னல் 6.12-ல இருந்து வர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியே லினக்ஸுக்கு சொந்தமா இருக்குற கேவிஎம் லோடு ஆகும்போதே, பொட்டிக்குள்ள பொட்டி ஓட்டுறதுக்கான ப்ராசசர் வசதிய தன் கைல எடுத்துக்குது, அப்ப இன்னொருத்தர் கேட்டா கெடைக்காது. ரீஸ்டார்ட் பண்ணி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல போயி பழைய கர்னல எடுத்தேன், பத்து நிமிஷத்துல பிரிண்ட் வந்துடுச்சு. மறுநாள் பூட் செட்டிங்ல அந்த கேவிஎம் பழக்கத்த நிறுத்துற வரிய போட்டுட்டேன், அதுல இருந்து தொந்தரவு இல்ல, ஆனா நம்பிக்கையும் இல்ல.

இவ்ளோ புகழ்ந்துட்டு இத சொல்றேன்னு கோச்சிக்காத மச்சி, நீ இப்ப மாறாத. ஐப்பசி முகூர்த்தம் தலை மேல நிக்குது. என் பொட்டிய நான் விடமாட்டேன், வைனுக்கு பத்துக்கு ஒம்பது போடுவேன், அது வேற. உனக்கு பேஜ்மேக்கர் மட்டும்தான்னா மார்கழில எடுத்துட்டு வா, நானே ஏத்தி தரேன். உங்க வீட்லயும் லாக் போட்ட சாஃப்ட்வேர் எதுனா இருந்தா, விண்டோஸ் 10 டிஸ்க்க அழிக்காம நெட்ட புடுங்கிட்டு அப்படியே ஓரமா வையி, லினக்ஸ வேற எஸ்எஸ்டில போடு. அந்த யுஎஸ்பி லாக்க ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து மொதல்ல எனக்கு அனுப்பு, பாத்துட்டு சொல்றேன்.