தென்காராவா, ரீல் தூண்டிலா?

கொலராடோ ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் 'தி லாக்' ஏரிக்கு வார இறுதியில் மீன்பிடிக்க நடக்கிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. போக மட்டும் சுமார் 5 கிலோமீட்டர் ஏற்றம்; ஏரி 3,000 மீட்டருக்கு மேலே.

சுமை: தென்காரா, செயற்கைப் பூச்சி மாட்டி வீசும் ஜப்பானியத் தூண்டில் கோல். ரீல் (கயிறு சுற்றும் உருளை) கிடையாது, மடக்கினால் பையின் ஓரத்தில் செருகிவிடலாம். ரீல் தூண்டிலும் செயற்கைப் பூச்சி வீசத்தான்; ஆனால் கோல் நான்கு துண்டு, அப்புறம் உறை, ரீல்.

செலவு: தென்காராவில் வாங்க வேண்டிய சாமான் குறைவு.

தூரம்: விஷயமே இதில்தான். தென்காராவின் கயிறு கோல் நுனியிலேயே கட்டியிருக்கும். கோலும் கயிறும் எட்டும் வரைதான் வீச்சு. காலையில் டிரவுட் மீன் கரைப்பாறையை ஒட்டி உலாவும்போது அது தாராளம். பிற்பகல் காற்று எழும்பினால் அந்த லேசான கயிறு கொக்கியோடு உங்கள் தொப்பிக்கே திரும்பும். ரீல் தூண்டிலின் கனமான கயிறு காற்றிலும் போகும், ஆழத்துக்கு நகர்ந்த மீனையும் எட்டும். ஆனால் பின்வீச்சுக்கு இடம் வேண்டும். கரையோர மரங்கள் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும்.

புதியவர், வழியில் ஐசி புரூக் ஓடையிலும் போட்டுப் பார்க்க நினைப்பவர் தென்காரா எடுங்கள். நாள் முழுக்க ஏரியிலேயே நிற்பவருக்கு ரீல்தான் சரி. எதுவானாலும் 16 வயது ஆனவர்களுக்கும் மேற்பட்டவர்களுக்கும் கொலராடோ மீன்பிடி உரிமம் வேண்டும். பெரியவர்கள் புழு மாட்டக் கூடாது.