திரைக்கடியில் ஒளியா, மீயொலியா?

திரைக்குள் கைரேகை சென்சாருடன் முதலில் சந்தைக்கு வந்தது விவோவின் எக்ஸ்20 பிளஸ் யுடி போன், 2018 ஜனவரியில். அது ஒளி வகை. விரல் வைத்த இடத்தில் திரை பளிச்சென்று ஒளிரும். அந்த வெளிச்சத்தில் ரேகையைப் படம் பிடித்து ஒப்பிடும். விலை குறைவு என்பதால் நடுத்தர விலை போன்கள் வரை பரவிவிட்டது. ஆனால் இருட்டில் கண் கூசும், ஈர விரலில் தடுமாறும்.

சாம்சங் 2019இல் கேலக்ஸி எஸ்10 போனில் சிப் நிறுவனமான குவால்காமின் மீயொலி (அல்ட்ராசோனிக்) சென்சாரை வைத்தது. இது ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து ரேகையின் மேடுபள்ளங்களை அளக்கும். படத்தைக் காட்டி ஏமாற்றுவது கடினம். ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் பெரிய சிக்கல் வந்தது: திரையை மூடும் சில சிலிக்கோன் உறைகளின் மேடுபள்ளத்தையே ரேகையாக எடுத்துக்கொண்டு யார் விரலுக்கும் போன் திறந்தது. சாம்சங் மென்பொருள் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

பிக்சல் 6 முதல் ஒளி வகையையே வைத்திருந்த கூகுளும் 2024இல் பிக்சல் 9 வரிசையில் மீயொலிக்கு மாறியது. என் தேர்வும் அதுதான். பட்ஜெட் இடிக்கிறதா? சரி, ஒளி வகையே தாராளமாகப் போதும். மீயொலி போன் வாங்கினால் மட்டும் தடித்த கண்ணாடியைத் திரையில் ஒட்டாதீர்கள். இடையில் காற்று இருந்தால் அலை விரலை எட்டாது.